நிக்கல் இருக்கிற இடத்துல மீக்கடத்தியா?

(ஒலி வடிவத்திலிருந்து எழுத்துக்கு மாற்றும்போது கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இந்த எபிசோட்ல பின்னாடி சடசடன்னு ஒரு சத்தம் வந்துக்கிட்டே இருக்கும். ஹெட்ஃபோன்ல கோளாறு ஒண்ணும் இல்லை. தகரக் கூரை மேல மழை. நான் இப்போ கொல்லிமலையில, செம்மேட்டுக்குப் பக்கத்துல சித்தப்பா வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து ரெக்கார்ட் பண்ணிக்கிட்டு இருக்கேன்.

இன்னைக்கு வேற ஒரு தலைப்பு வெச்சிருந்தேன். நேத்து சாயங்காலம் நடந்த ஒரு பேச்சுல அது மாறிடுச்சு. சித்தப்பா பொண்ணு நாமக்கல்ல பி.எஸ்சி. இயற்பியல் ரெண்டாவது வருஷம் படிக்கிறா. வீட்டுக்குக் கீழ ஓடுற ஓடையில, பழைய ஸ்பீக்கர்ல இருந்து கழட்டின காந்தத்தை மணல்ல விட்டு எடுத்தா. மீசை முளைச்ச மாதிரி கருப்பா துகள் ஒட்டிக்கிட்டு வந்துச்சு. மேக்னடைட், அதாவது இரும்பு ஆக்சைடு. சேலம், நாமக்கல் சுத்துவட்டாரத்துப் பாறைகள்ல இது தாராளமா இருக்கு.

அப்போ சித்தப்பா கேட்டார்: "ஏன் கண்ணு, இவ மேல படிச்சு ஆராய்ச்சி பண்ணப் போறேன்கிறா. காந்தம், மீக்கடத்தின்னு என்னென்னமோ சொல்றா. அதுல ஆராய்ச்சின்னா தினமும் போய் என்னதான் பண்ணுவாங்க? முப்பது வருஷம் பண்றதுக்கு அதுல என்ன இருக்கு?"

நல்ல கேள்வி. கிண்டல் இல்லை. அவர் மிளகுக்கொடி நட்டா மூணு நாலு வருஷத்துல காய் பார்க்கணும்னு எதிர்பார்க்கிற மனுஷன். அவருக்கு நான் சொன்ன பதில்தான் இந்த எபிசோட்.

முதல்ல அடிப்படை. செம்புக் கம்பியில மின்சாரம் போனா கம்பி சூடாகும். எலக்ட்ரான்கள் வழியில அங்கங்க முட்டி மோதுறதுதான் காரணம். இதுதான் மின்தடை. 1911ல நெதர்லாந்தில் லைடன் நகரத்தில் காமர்லிங் ஆனஸ் குழு பாதரசத்தைக் குளிர வெச்சுக்கிட்டே போனாங்க. சுமார் 4.2 கெல்வின்ல, அதாவது மைனஸ் 269 டிகிரி செல்சியஸ்ல, மின்தடை திடீர்னு காணாமப் போச்சு. குறையல, அளக்க முடியாத அளவுக்கு இல்லாமலே போச்சு. அதுதான் மீக்கடத்தி.

கெல்வின்னா என்னன்னு சித்தப்பாவுக்கு விளக்க நம்ம ரோட்டையே எடுத்துக்கிட்டேன். காரவள்ளியில இருந்து மேல வர்ற ரோட்டுல 70 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்ட போர்டு. இப்போ மலை உச்சியில அறை வெப்பநிலை, தோராயமா 300 கெல்வின்னு வெச்சுக்கோங்க. கீழ இறங்கும்போது ஒவ்வொரு வளைவுலயும் கெல்வின் கணக்கு பாதியாகுது. ரெண்டாவது வளைவு வர்றப்போ திரவ நைட்ரஜன் குளிர், 77 கெல்வின். ஆறாவது வளைவைத் தாண்டினதும் திரவ ஹீலியம், 4.2 கெல்வின். இப்படியே 70 வளைவு இறங்கினாலும் பூஜ்யம் வராது, பாதியோட பாதின்னு போய்க்கிட்டே இருக்கும். நாம இன்னைக்குப் பேசப்போற ரெண்டு கதையில ஒண்ணு நாலாவது, அஞ்சாவது வளைவுக்கு நடுவுல நடந்தது. இன்னொண்ணு பத்தொன்பதாவது வளைவையும் தாண்டி.

அடுத்த அடிப்படை, காந்தத்துக்கும் மீக்கடத்திக்கும் இருக்கிற பகை. சாதாரண மீக்கடத்திகள்ல எலக்ட்ரான்கள் ஜோடி ஜோடியா சேர்ந்து நகருது. கூப்பர் ஜோடின்னு பேர். ஒவ்வொரு எலக்ட்ரானும் ஒரு குட்டிக் காந்தம் மாதிரி. ஜோடியில ஒண்ணோட முனை மேல பார்த்தா இன்னொண்ணு கீழ பார்க்கணும். இரும்பு மாதிரி காந்தப் பொருள்ல நேர் எதிர் நியாயம்: எல்லாரும் ஒரே பக்கம் பாருங்கன்னு வற்புறுத்தும். அதனால மீக்கடத்திக்குள்ள காந்த அணு ஒண்ணு நுழைஞ்சா ஜோடியைப் பிரிச்சு விட்டுடும். லாந்தனம்னு ஒரு உலோகம், நல்ல மீக்கடத்தி. அதுல சுமார் 1 சதவீதம் காடோலினியம் கலந்தாலே மீக்கடத்தல் படுத்துடும்னு 1958ல பெல் ஆய்வகத்தில் மத்தியாஸ் குழு காட்டினாங்க. நூத்துல ஒண்ணு! பால்ல விழுந்த மோர்த்துளி மாதிரி.

அதனால மீக்கடத்தி தேடுறவங்க மத்தியில ஒரு பழக்கம் வந்துச்சு. இரும்பு, கோபால்ட், நிக்கல் பக்கம் போகாதே.

இப்போ மும்பை. கொலாபாவில் கடலை ஒட்டி டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், டி.ஐ.எஃப்.ஆர். அங்க 1990களோட தொடக்கத்துல ஒரு குழு, அரிமண் தனிமங்களும் நிக்கலும் போரானும் சேர்ந்த சேர்மங்களை ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருந்தாங்க. ஆர். நாகராஜன், எல்.சி. குப்தா, ஆர். விஜயராகவன், எஸ்.கே. தர், கே.வி. கோபாலகிருஷ்ணன், மாணவர்களா சந்தன் மஜும்தார், ஜாகிர் உசேன்னு பெரிய குழு. பிரான்ஸ்ல இருந்து கோதார்ட்னு ஒரு கூட்டாளி.

தினமும் என்ன பண்ணுவாங்கன்னு கேட்டார் இல்லையா சித்தப்பா, இதைத்தான். தனிமங்களை மில்லிகிராம் கணக்குல எடை போடுவாங்க. தண்ணி ஓடிக் குளிர்ந்துக்கிட்டே இருக்கிற ஒரு செம்புத் தட்டுல வெச்சு, ஆர்கான் வாயுக்குள்ள, வெல்டிங் பொறி மாதிரி ஒரு மின்வில்லால உருக்குவாங்க. பட்டன் அளவுக்கு ஒரு உலோக உருண்டை வரும். ஒரே சீரா கலக்கணும்னு அதைத் திருப்பிப் போட்டுத் திருப்பிப் போட்டு உருக்குவாங்க. அப்புறம் நாள் கணக்குல உலையில வெச்சுப் பதப்படுத்துவாங்க. எக்ஸ் கதிர்ல பார்த்து நினைச்ச சேர்மம்தான் வந்திருக்கான்னு சரிபார்ப்பாங்க. அதுக்கப்புறம் நாலு கம்பி ஒட்டி, குளிர வெச்சு, மின்தடை அளப்பாங்க. ஒரு மாதிரி முடிஞ்சா அடுத்தது. நம்ம ஊர் சமையல்ல பதம் பார்க்கிற வேலைதான், என்ன, ஒரு பதத்துக்கு ஒரு மாசம் ஆகலாம்.

அப்படி இட்ரியம், நிக்கல், போரான் சேர்ந்த ஒரு மாதிரியில, அதாவது ஒரு பங்கு இட்ரியம், நாலு பங்கு நிக்கல், ஒரு பங்கு போரான்ல, சுமார் 12 கெல்வின்ல மீக்கடத்தலோட அடையாளம் தெரிஞ்சுது. ஆனா ரொம்ப பலவீனமா. மாதிரி முழுசும் மீக்கடத்தி ஆகல, அதுல ஒரு சின்னப் பகுதி மட்டும்தான்.

இங்க கொஞ்சம் நிறுத்திக்கிறேன், ஏன்னா இந்த இடத்துல எனக்கு ஒரு சொந்தக் கதை இருக்கு. நான் எம்.எஸ்சி. புராஜெக்ட் பண்ணப்போ என் மாதிரியில சுமார் 118 கெல்வின்ல மின்தடை தடால்னு பூஜ்யத்துக்கு விழுந்தது. ராத்திரி பதினொரு மணி. நான் மீக்கடத்தி கண்டுபிடிச்சுட்டேன்! ஹாஸ்டல்ல நாலு பேரை எழுப்பிச் சொன்னேன். காலையில கைடு சார் வந்து குளிர்கலனைத் திறந்து பார்த்தார். ஒண்ணும் பேசல, சாமணத்தால ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். வோல்டேஜ் அளக்கிற கம்பி ரெண்டும் குளிர்ல சுருங்கி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்தது. கம்பி ரெண்டும் தொட்டா வோல்டேஜ் பூஜ்யம்தானே காட்டும். அதுக்கப்புறம் வந்த விசித்திரமான அளவீடு ஒவ்வொண்ணையும் நான் கண்ணை மூடிக்கிட்டுத் தூக்கிப் போட்டேன். அவமானப்படக் கூடாதுன்னு. அந்த ரெண்டாவது தப்புதான் முதல் தப்பைவிடப் பெருசுன்னு இப்போ தோணுது.

டி.ஐ.எஃப்.ஆர். குழு தூக்கிப் போடல. யோசிச்சுப் பாருங்க, தூக்கிப் போட எல்லா நியாயமும் இருந்தது. நிக்கல் சேர்மம். அடையாளம் பலவீனம். ஏதோ அழுக்கு, ஏதோ கலப்படம்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம். உலகத்தோட பார்வை வேற அந்தச் சமயத்துல வேற பக்கம். 1986ல பெட்னார்ஸும் முல்லரும் செம்பு ஆக்சைடு மீக்கடத்தியைக் கண்டுபிடிச்சு, 1987லயே அது 90 கெல்வினைத் தாண்டி, எல்லாரும் ஆக்சைடு பின்னாடி ஓடிக்கிட்டிருந்தாங்க. 12 கெல்வின் எவனுக்கு வேணும்?

அவங்க 1993ல அந்தப் பலவீனமான அடையாளத்தையே கட்டுரையா வெளியிட்டாங்க. அதோட விடாம, இது எங்கிருந்து வருதுன்னு தேடினாங்க. விடை என்ன தெரியுமா? நிஜமாவே அழுக்குதான்! கார்பன். அவங்க சேர்க்காத, தெரியாம உள்ள வந்த ஒரு துளி கார்பன். அப்போ வேணும்னே கார்பன் சேர்த்தா? சேர்த்தாங்க. அடையாளம் பலமாச்சு. மாதிரியோட பெரும்பகுதி மீக்கடத்தியா மாறிச்சு. 1994 ஜனவரியில ஃபிசிக்கல் ரெவ்யூ லெட்டர்ஸ் இதழ்ல கட்டுரை வந்தது: இட்ரியம், நிக்கல், போரான், கார்பன் நாலும் சேர்ந்த மீக்கடத்தி.

அதே மாசம் அமெரிக்காவில் பெல் ஆய்வகத்து ராபர்ட் காவா குழுவோட கட்டுரைகள் நேச்சர் இதழ்ல வந்தது. மீக்கடத்தலுக்குக் காரணமான சேர்மத்தோட சரியான வாய்பாட்டை, ஒரு இட்ரியம், ரெண்டு நிக்கல், ரெண்டு போரான், ஒரு கார்பன்னு, அவங்கதான் தெளிவாக்கினாங்க. நிக்கலுக்குப் பதிலா பல்லேடியம் போட்டு 23 கெல்வின் வரைக்கும் போனாங்க. இந்தக் குடும்பத்துக்குப் போரோகார்பைடுன்னு பேர் வந்துச்சு. பேரும் புகழும் எந்தக் கரைக்கு எவ்வளவு போச்சுங்கிறது தனி விவாதம். என் கருத்து, மும்பைக்குக் கொஞ்சம் கம்மியாத்தான் போச்சு.

ஆனா சுவாரசியம் இனிமேதான். இட்ரியம் காந்தம் இல்லாத அணு. அந்த இடத்துல நிஜமான காந்த அணுக்களைப் போட்டா? எர்பியம், ஹோல்மியம், டிஸ்ப்ரோசியம். மத்தியாஸ் கணக்குப்படி மீக்கடத்தல் செத்துப் போயிருக்கணும். சாகல. எர்பியம் சேர்மம் சுமார் 10.5 கெல்வின்ல மீக்கடத்தி ஆகுது. அப்புறம் 6 கெல்வின்ல காந்த ஒழுங்கும் வந்துடுது. ரெண்டும் ஒரே வீட்டுல குடித்தனம். டிஸ்ப்ரோசியம் இன்னும் மோசம், இல்லை, இன்னும் அழகு: முதல்ல சுமார் 10 கெல்வின்ல காந்த ஒழுங்கு வருது, அந்தக் காந்தத்துக்குள்ளயே 6 கெல்வின்ல மீக்கடத்தல் பிறக்குது.

எப்படி முடியுது? அடுக்கு அமைப்புதான் உதவுது. அரிமண் அணுவும் கார்பனும் ஒரு தளத்துல, நிக்கலும் போரானும் இன்னொரு தளத்துல. நிக்கல் அணுவுக்குன்னு இங்க காந்தத் தன்மை இல்லை, அதோட எலக்ட்ரான்கள் பிணைப்புக்குள்ள கரைஞ்சு போயிடுது. அரிமண் அணுக்களோட காந்தங்கள் ஒரு தளம் இந்தப் பக்கம், அடுத்த தளம் அந்தப் பக்கம்னு மாறி மாறி நிக்குது. கூப்பர் ஜோடி பரவியிருக்கிற தூரத்துக்குச் சராசரி பார்த்தா காந்தம் கிட்டத்தட்ட பூஜ்யம். எதிரெதிர்க் கட்சி ரெண்டும் சரிசமமா கத்தினா நடுவுல இருக்கிறவனுக்கு ஒண்ணும் காதுல விழாத மாதிரி.

இதுக்கு நேர் எதிர் உதாரணம் நீங்க எல்லாருமே பார்த்தது. 2023 ஜூலை, எல்.கே.-99. கொரியாவில் இருந்து அறை வெப்பநிலை மீக்கடத்தின்னு ஒரு அறிவிப்பு. ட்விட்டர் முழுக்க அதே பேச்சு. அதுலயும் மின்தடையில ஒரு தடாலடிச் சரிவு, சுமார் 104 டிகிரி செல்சியஸ்ல. உலகம் முழுக்க செஞ்சு பார்த்தாங்க. டெல்லியில தேசிய இயற்பியல் ஆய்வகத்துலயும் செஞ்சு பார்த்து, மீக்கடத்தல் இல்லைன்னு சொன்னாங்க. அந்தச் சரிவுக்குக் காரணம்? அதுவும் அழுக்குதான். செம்பு சல்ஃபைடு கலந்திருந்தது, அது அந்த வெப்பநிலையில படிக அமைப்பை மாத்திக்கும். அதே மாதிரி ஒரு சரிவு, அதே மாதிரி ஒரு அழுக்கு. ஒரு இடத்துல புதுசா ஒரு மீக்கடத்திக் குடும்பம் கிடைச்சது, இன்னொரு இடத்துல ஒண்ணும் இல்லை. முன்கூட்டியே பார்த்துச் சொல்ல வழி கிடையாது. மறுபடி செஞ்சு பார்த்தாத்தான் தெரியும். ஆராய்ச்சி மாணவரோட வருஷங்கள்ல பெரும்பகுதி போறது அதுலதான்.

பத்தொன்பதாவது வளைவுக் கதையைச் சொல்லிடுறேன். இதுவும் அதே டி.ஐ.எஃப்.ஆர்., வேற குழு. எஸ். ராமகிருஷ்ணன், பல வருஷமா மீக்கடத்திகளையும் காந்தப் பொருட்களையும் குளிர்ல வெச்சு அளந்துக்கிட்டு இருந்தவர், பின்னாடி அந்த நிறுவனத்துக்கே இயக்குநரானார். அவரோட படிகம் வளர்க்கிறதுல கைதேர்ந்த தமிழவேள், அப்புறம் ஓம் பிரகாஷ், அனில் குமார். அவங்க எடுத்துக்கிட்டது பிஸ்மத். அதுல சுத்தமான ஒற்றைப் படிகம் வளர்த்தாங்க.

பிஸ்மத் மீக்கடத்தி ஆகும்னு எதிர்பார்க்கக் காரணமே இல்லை. அதுல சுமார் ஒரு லட்சம் அணுவுக்கு ஒரு சுதந்திர எலக்ட்ரான்தான். ஜோடி சேரணும்னா கூட்டம் வேணுமே! காலி பஸ் ஸ்டாண்ட்ல ஜோடி தேடுற கதை. அவங்க தேடினாங்க. 2016 டிசம்பர்ல சயன்ஸ் இதழ்ல முடிவு வந்தது: 0.53 மில்லிகெல்வின்ல பிஸ்மத் மீக்கடத்தி ஆகுது. 0.00053 கெல்வின். விண்வெளியோட பின்னணி வெப்பநிலையே 2.7 கெல்வின். அதைவிட சுமார் 5,000 மடங்கு குளிர், கொலாபாவில் ஒரு கட்டடத்துக்குள்ள.

அந்தக் குளிரைக் கொண்டு வந்தது எதுன்னு பாருங்க, காந்தம். முதல்ல ஹீலியத்தோட ரெண்டு வகை ஐசோடோப்பையும் வெச்சு சில மில்லிகெல்வினுக்குக் கொண்டு போறாங்க. அங்க ஒரு பலமான காந்தப்புலத்துல செம்பு அணுக்கருக்களோட குட்டிக் காந்தங்களை வரிசைப்படுத்திட்டு, புலத்தை மெல்ல மெல்லக் குறைக்கிறாங்க. வரிசை கலைய முயற்சி பண்ணும்போது வெப்பத்தை உறிஞ்சிக்கும், இன்னும் குளிரும். ஆனா குளிர்ந்த பிறகு பிஸ்மத் பக்கத்துல காந்தமே வரக் கூடாது. அது தாங்குற உச்ச அளவு சுமார் 5 மைக்ரோடெஸ்லாதான். நம்ம தமிழ்நாட்டுல பூமியோட காந்தப்புலமே சுமார் 40 மைக்ரோடெஸ்லா. உங்க போன்ல திசைகாட்டியைத் திருப்புற அந்தச் சின்ன காந்தம் இருக்கே, அதுல எட்டுல ஒரு பங்கு போதும் மீக்கடத்தலைக் கொல்ல. அதனால பூமியோட காந்தத்தையும் உள்ள விடாத கவசம் போட்டு அளந்தாங்க. வழக்கமான மீக்கடத்திக் கோட்பாடு இந்தப் பிஸ்மத் விஷயத்தை விளக்கப் போதாது. ஏன் நடக்குதுன்னு கோட்பாட்டுக்காரங்க யோசிக்க வேண்டிய வேலை வந்துடுச்சு.

"இதுனால யாருக்கு என்ன லாபம்?" சித்தப்பா இதையும் கேட்டார். பிஸ்மத் ஆய்வுனால இன்னைக்கு யாருக்கும் லாபம் இல்லை, உண்மையைச் சொல்லிட்டேன். ஆனா போன வருஷம் சித்திக்கு இடுப்பு வலிக்கு சேலத்துல எம்.ஆர்.ஐ. எடுத்தோமே, அந்தக் குழாய்க்குள்ள இருக்கிற காந்தம் நியோபியம் டைட்டானியம் மீக்கடத்திக் கம்பியால சுத்தினது, திரவ ஹீலியத்துல 4.2 கெல்வின்ல ஊறிக்கிட்டு இருக்கிறது. சித்தி வெளிய வந்ததும் "உள்ள ஒரே டமடமன்னு சத்தம்"னு சொன்னாங்க. முதுகுக்கு ஒரு அடி தள்ளி ஆறாவது வளைவு இருந்ததுன்னு அவங்களுக்கு நேத்துதான் தெரியும்.

வேலை விஷயத்தையும் மறைக்காம சொன்னேன். பி.எஸ்சி.க்கு அப்புறம் ஜாம் எழுதலாம், அப்புறம் நெட், கேட், ஜெஸ்ட் இருக்கு. டி.ஐ.எஃப்.ஆர்.க்குத் தனித் தேர்வு. ஜே.ஆர்.எஃப். கிடைச்சா 2023ல உயர்த்தின கணக்குப்படி மாசம் 37,000 ரூபாய், வாடகைப்படி தனி. பிஎச்.டி. முடிக்க அஞ்சாறு வருஷம். அப்புறம் வெளிநாட்டுல ரெண்டு மூணு வருஷம் தற்காலிக வேலை. அப்புறமும் நிரந்தர இடம் நிச்சயம் இல்லை. மும்பைக்குத்தான் போகணும்னும் இல்லை. கல்பாக்கத்துல இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், சென்னையில ஐ.ஐ.டி., இங்க இருந்து கொஞ்ச தூரத்துல திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்துல உயர் அழுத்த ஆய்வு மையம் இருக்கு. சித்தப்பா கணக்குப் போட்டார், முகத்துல தெரிஞ்சது. "மிளகே தேவலாம் போலிருக்கே"ன்னார். மறுக்க முடியல.

தங்கச்சி அதுவரைக்கும் பேசவே இல்லை. காந்தத்துல ஒட்டின கருப்பு மணலை ஒரு பேப்பர்ல தட்டிக்கிட்டே இருந்தா. அப்புறம் கேட்டா: "அண்ணா, எர்பியம், டிஸ்ப்ரோசியம் சொன்னீங்க. நடுவுல ஹோல்மியம்னு ஒண்ணு சொன்னீங்களே, அதை விட்டுட்டீங்க."

ஆமா, விட்டுட்டேன். ஹோல்மியம் சேர்மம் சுமார் 8 கெல்வின்ல மீக்கடத்தி ஆகுது. இன்னும் குளிர வெச்சா 5 கெல்வின் பக்கத்துல தடுமாறுது, லேசான காந்தப்புலம் கொடுத்தாலே மின்தடை திரும்ப எட்டிப் பார்க்குது. அதையும் தாண்டிக் குளிர வெச்சா மறுபடி நல்ல மீக்கடத்தி.

"போனது ஏன் திரும்பி வருது?"

நியூட்ரான்களை விட்டுப் பார்த்தவங்க சொன்ன விடை இது: அந்தக் குறுகிய இடைவெளியில ஹோல்மியம் காந்தங்கள் சுருள் மாதிரி திரும்பித் திரும்பி நிக்குது, முழுசா ஒண்ணையொண்ணு ஈடுகட்டறது இல்லை. இன்னும் குளிர்ந்ததும் சுருள் கலைஞ்சு, தளத்துக்குத் தளம் நேர் எதிரா நிக்குது. கணக்கு பூஜ்யமாயிடுது, ஜோடிகள் பிழைச்சுக்குது.

"சுருள் ஏன் கலையுது?"ன்னு கேட்டா. அதுக்குள்ள கரன்ட் போயிடுச்சு, சித்தி சாப்பிடக் கூப்பிட்டாங்க. அந்தக் கேள்விக்கான பதிலை அடுத்த வாரம் எடுத்துக்கலாம், நானும் கொஞ்சம் படிச்சுட்டு வரணும். மழை வலுக்குது, மைக்கை உள்ள எடுத்து வெச்சுடறேன். பார்க்கலாம் மக்களே.